நூற்றுப் பதினாறு

இருபது வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாசி மாதம். பூதலூரில் நான் கணக்கு டீச்சராக இருந்தேன். வயது ஐம்பத்து நான்கு. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருந்த நேரம் அது. என் ஒரே மகளும் மருமகனும் சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார்கள். மகளுக்கு அப்போது ஆறாம் மாதம். லீவு கிடைக்காததால் தலைப்பிரசவத்துக்கு அவளால் ஊருக்கு வர முடியவில்லை, நான்தான் போக வேண்டும். அவள் அப்பா உயிரோடு இல்லை. அவள் மாமியாருக்கும் உடம்பு முடியாது. என்னை விட்டால் அவளுக்கு வேறு ஆள் இல்லை.

ஆனால் எனக்கு பி.பி. தஞ்சாவூர் டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். தினமும் நடங்க, ஒரு மாதம் கழித்து வந்து காட்டுங்க, பிளைட் ஏறுவதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டார். அவர் தலையாட்டினால்தான் டிக்கெட். நான் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தது போக, எனக்கே ஒருவர் பரீட்சை வைத்துவிட்டார்.

இதைக் கேட்ட மகள், ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பொருளைக் கொடுத்தனுப்பினாள். மார்பில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்று, அதற்குச் சோடியாக ஒரு கைக்கடிகாரம். பட்டையைத் தண்ணீரில் நனைத்துக் கட்டிக்கொண்டு நடந்தால், நிமிடத்துக்கு இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்பது கடிகாரத்தில் தெரியும். கூடவே ஒரு தாள். இருநூற்று இருபதில் வயதைக் கழித்து, வரும் விடையில் பாதியிலிருந்து எழுபது சதவீதம் வரை துடிப்பு இருக்கும்படி புதிதாக நடப்பவர்கள் நடக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. எனக்கு இது தண்ணீர் பட்ட பாடு. எண்பத்து மூன்றிலிருந்து நூற்றுப் பதினாறு வரை. பாஸ் மார்க்கோடு திருப்திப்படுகிற ஆள் நான் இல்லை. நூற்றுப் பதினாறு என்று முடிவு செய்துகொண்டேன்.

காலாண்டு விடுமுறை விட்டிருந்தார்கள். சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ, ரவிக்கைக்குள் பட்டை என்று வாய்க்கால் கரையில் இறங்கினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள், நான் கண்டுகொள்ளவில்லை. கரையை ஒட்டிய வயல்களில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. நடவுப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் குனிந்தபடி ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். மாமியார் கதை, டி.வி. கதை, ஒருத்தியை ஒருத்தி கேலி செய்வது என்று ஒரே இரைச்சல். வாயை மூடிக்கொண்டு நட்டால் சீக்கிரம் முடிக்கலாமே என்று நினைத்துக்கொள்வேன். வகுப்பறைப் புத்தி, வேறென்ன? அவர்களில் ஒருத்தி தினமும் நிமிர்ந்து, டீச்சர் நடக்கிறீங்களா என்று கேட்பாள். நான் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டுவேன். பேசினால் வேகம் குறையுமே.

என் வருத்தமெல்லாம் அந்த எண் மேல்தான். எவ்வளவு வீசி நடந்தாலும் தொண்ணூற்று நாலு, ஐந்துக்கு மேல் ஏறவில்லை. வியர்த்துக் கொட்டும், கால் கடுக்கும், கடிகாரம் மட்டும் அசையாது. நான் சோம்பேறி என்று அது சொல்வது போல இருந்தது. டாக்டரிடம் போகப் பத்து நாள்தான் பாக்கி. மகள் போனில் எப்படிம்மா இருக்கு என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும்.

அப்போதுதான் ஒரு நாள் காலையில் மாத்திரை போட மறந்துபோனேன். மறுநாள் நடந்தபோது எண் நூற்றைத் தாண்டியது. சந்தோஷம் தாங்கவில்லை. மாத்திரைதான் தடை என்று நானே கண்டுபிடித்து, நானே எனக்குச் சபாஷ் போட்டுக்கொண்டு, அதை அடியோடு நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

நான்காம் நாள், நூற்றுப் பதினாறு வந்தது. அதோடு நிற்கவில்லை. நூற்று முப்பது, நூற்று நாற்பத்தெட்டு. நெஞ்சுக்குள் படபடவென்று அடித்தது. மார்பை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல இருந்தது. அந்த நேரம் பார்த்து, தினமும் கேட்கும் அந்த நடவுப் பெண் வயலிலிருந்து வழக்கம்போலக் கேட்டாள். தலையாட்டவும் முடியவில்லை. அவள் இன்னொரு முறை கேட்டாள். நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கையிலிருந்த நாற்றுமுடியைப் போட்டுவிட்டு அவள் சேற்றில் ஓடிவந்ததுதான் தெரியும்.

நாலு பேர் என்னைப் பிடித்துப் பூவரச மரத்தடியில் உட்கார வைத்தார்கள். முந்தானையை நனைத்து முகத்தைத் துடைத்தார்கள். நாற்றுக்கட்டு சுமந்து வந்த ஒருவர் சைக்கிளில் போய் ஆட்டோ கூட்டிவந்தார். முழங்கால் வரை சேறோடு அவள் என்னுடன் ஏறிக்கொண்டாள். தஞ்சாவூர் போகும் வரை என்னை விடவில்லை. மகளுக்கு எத்தனை மாசம், என்ன பிடிக்கும், என்ன பேர் வைப்பீங்க என்று கேள்வி மேல் கேள்வி. ஒரு வார்த்தையாவது பதில் சொல்ல வைத்தாள். பாதி வழியில், ஏன் இப்படிக் கேட்டுக்கொண்டே வருகிறாய் என்று திணறித் திணறிக் கேட்டேன்.

"நடவுல வாய் சும்மா இருக்கக் கூடாதுங்க டீச்சர். யாரு பேச்சு நின்னுபோவுதோ, அவளுக்கு முடியலைன்னு அர்த்தம். உடனே கரையேத்தி உக்கார வச்சிடுவோம். வெயில்ல குனிஞ்சிருக்கிறவ மூஞ்சி யாருக்குத் தெரியுது? பேச்சுதான் தெரியும்."

டாக்டர் இ.சி.ஜி. எடுத்தார். ஊசி போட்டார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டபோது, போடுகிறேன் என்று முதலில் பொய் சொன்னேன். பக்கத்தில் சேறு காய்ந்த காலோடு நின்ற அவள் என்னைப் பார்த்தாள். வெட்கத்தை விட்டு, தாளில் இருந்த கணக்கு உட்பட உண்மையைச் சொன்னேன். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்த மாத்திரையோட வேலையே துடிப்பைக் குறைக்கிறதுதாங்க. அந்தத் தாள்ல இருக்கிற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. இதைத் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. நடக்கும்போது பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேச முடியணும், அவ்வளவுதான் உங்களுக்கு அளவு."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன வேறெதுவும் எனக்குக் காதில் ஏறவில்லை.

மாலை வரை அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில், மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தக் கணக்கைப் பின்பற்றக் கூடாது என்று இருந்தது. கேள்வியை முழுசாகப் படி என்று முப்பது வருடம் பிள்ளைகளின் தலையில் குட்டியவள் நான்.

டாக்டர் என் பரீட்சையை மூன்று வாரம் தள்ளி வைத்தார். ஓய்வெடுத்து, மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, அவர் சொன்ன பிறகு மறுபடி நடந்தேன். இந்த முறை தனியாக இல்லை. வேலைக்குப் போகும் நடவுப் பெண்களோடு, அவர்கள் வேகத்தில் இல்லாமல் என் வேகத்தில். எனக்காக அவர்கள் மெதுவாக நடந்தார்கள். பேச்சில் அவர்களை நான் தோற்கடித்தேன் என்றுகூடச் சொல்லலாம். டாக்டர் தலையாட்டினார். மார்கழியில் என் பேத்தி பிறந்தபோது நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். வலியில் அவள் பேச்சு நின்ற ஒவ்வொரு முறையும், நான் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கடிகாரம் பேட்டரி தீர்ந்து பீரோவில் கிடக்கிறது. மகள் இன்றும் ஞாயிறுதோறும் சிங்கப்பூரிலிருந்து கூப்பிடுகிறாள். நன்றாக இருக்கிறேன் என்றுதான் எப்போதும் சொல்வாள். நான் அதைக் காதில் வாங்குவதில்லை, அவள் பேச்சு எங்கே சுருங்குகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.