ஜன்னலுக்குக் கேட்ட ஒரிஜினல்

கண்டியில் நாங்கள் குடியிருந்த தொடர்மாடியில் பழைய பலகை ஜன்னல்கள். மூன்றாம் மாடியில் எங்கள் வீட்டு ஜன்னல்களின் சட்டமெல்லாம் உக்கிப்போய், மழை பெய்தால் தண்ணீர் நேராக மகளின் கட்டிலுக்கு வரும். அவளுக்கு ஏழு வயது, மூச்சிழுப்பு வேறு. மழைக்காலத்துக்கு முன் ஜன்னலை மாற்றியே ஆகவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மாற்றுவதற்கு வீடமைப்புக் கந்தோரின் அனுமதி வேண்டும்.

விண்ணப்பங்களைக் கந்தோருக்குக் கொண்டுபோவது குடியிருப்போர் சங்கச் செயலாளர். அலவத்துகொடைக்காரர், கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருந்தவர். எல்லோரும் ஹாஜியார் என்போம். என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "வீட்டுக் கடிதத்துட ஒரிஜினலத் தாங்க. அவங்களுக்குப் பார்க்கணுமாம். காட்டிட்டு அன்டைக்கே கொண்டு வந்து தாரேன்" என்றார்.

வீடு எங்களுடையது என்று காட்ட இருந்த ஒரே தாள் அதுதான். எனக்கு அங்கேயே பொறி தட்டியது. புசல்லாவைப் பக்கத் தோட்டமொன்றில் என் அப்பா பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டபோது, பிறப்புச் சான்றிதழைத் தோட்டத்துக் கிளாக்கரிடம் நம்பிக் கொடுத்தார். அது திரும்பி வரவேயில்லை. இங்கேயே பிறந்த மனிதர், அதைக் காட்ட ஒரு தாள் இல்லாமல் வருஷக்கணக்கில் அலைந்தார். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரிஜினலை யார் கையிலும் கொடுப்பதில்லை. மனைவியிடம் அலுமாரிச் சாவி இருந்தது, கடிதம் எந்தச் சேலைக்கடியில் இருக்கிறது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

போட்டோ கொப்பியைக் கொடுத்தேன். திரும்பி வந்தது. சமாதான நீதவானின் முத்திரை குத்திய கொப்பியைக் கொடுத்தேன். அதுவும் திரும்பி வந்தது. ஹாஜியார் மறுபடி ஒரிஜினலையே கேட்டார். அவர் தன் இளைய மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார், கல்யாணத்துக்கு வீடு கொடுக்க வேண்டுமாம். எந்த வீட்டின்மேல் கண் என்று எனக்குத் தெரியாதா என்ன? படியில் கண்டு, "மகளுக்கு இப்ப எப்பிடி?" என்று அவர் விசாரித்தால், அதிலும் ஏதோ உள்நோக்கம் இருப்பதாகவே பட்டது.

"குடுத்தா அவரு தின்னுடவா போறாரு? புள்ளையப் பாருங்க" என்றாள் மனைவி.

"ஒனக்கு மனுசங்களத் தெரியாது" என்றேன்.

இரண்டு மாதம் இப்படியே இழுபட்டு, மழை தொடங்கிவிட்டது. ஜன்னலுக்குப் பொலித்தீன் அடித்தேன். மூன்றாம் நாள் அது கிழிந்தது. மறுநாள் மகளை ஆஸ்பத்திரி வார்ட்டில் நிறுத்திக்கொண்டார்கள். அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. அப்போதும் பிடிவாதம் போகவில்லை. கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நானே கந்தோருக்குப் போனேன்.

தமிழ் பேசும் கிளாக்கர் ஒருவர் பைலைத் திறந்தார். கடிதத்தை நான் விடாமல் பிடித்திருக்க, அப்படியே இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்து, பைலைக் கையெழுத்துக்கு உள்ளே அனுப்பினார். அரை மணி நேரத்தில் அனுமதி கைக்கு வந்தது. மகள் வீட்டுக்கு வருவதற்குள் ஜன்னலைப் பொருத்திவிடலாம். எழுந்தபோது கிளாக்கர் பைலிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார். அது ஹாஜியாருடைய வீட்டுக் கடிதம், ஒரிஜினல்.

"ஒங்க செயலாளர் வச்சிட்டுப் போனது. நீங்க கொண்டு வார வரைக்கும் அவர்ட கடிதத்தப் பொறுப்பா வச்சிக்கிட்டு அனுமதி குடுக்கச் சொன்னார். பிள்ளைக்கு ஏலாதாம், மூச்சிழுப்பாம் எண்டு. அப்பிடிக் குடுக்க எங்களுக்குச் சட்டமில்ல. திருப்பி எடுக்கச் சொன்னோம், கெடக்கட்டும் எண்டுட்டுப் போயிட்டார்."

வெட்கத்தில் கிளாக்கரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தாளை வாங்கி என் கடிதத்தோடு சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஹாஜியார்தான் கதவைத் திறந்தார். மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"ஒங்க ஒரிஜினல்தானான்னு சரியாப் பாத்துக்குங்க, ஹாஜியார்."

அவர் வாங்கி, பார்க்காமலே மேசையில் வைத்தார்.

"என்னத்தப் பார்க்க? நீங்கதானே கொண்டு வந்தீங்க" என்றார்.