அரைமுகம் வீட்டு மாப்பிள்ளை

குமாரதாஸுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று ஊரே பெண்ணைப் பற்றிப் பேசியது. மாப்பிள்ளைக்கோ நினைப்பெல்லாம் ஒரு சவரக்கத்தியின் மேல்தான். ஒன்றும் விளங்காதவர்கள் சிரித்தார்கள். விளங்கியவர்கள் பேச்சை மாற்றினார்கள்.

காரணம் அவன் அண்ணன் ஞானதாசன். அஞ்சுகிராமத்துக்கு அருகே பனையேறிகள் மட்டும் குடியிருந்த சின்ன ஊர் அவர்களுடையது. மிஷன் கோயிலுக்குப் போகிற குடும்பங்கள்தான், ஆனாலும் பழைய வழக்கம் ஒன்றை அவர்கள் விடவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையைப் பந்தலில் பெஞ்சு போட்டு உட்கார வைப்பார்கள். நாவிதர் எழுந்து நின்று, "மாப்பிள்ளைக்கு முகம் வழிக்கட்டா?" என்று மூன்று தடவை கேட்பார். கூடியிருப்பவர்கள் மூன்று தடவையும் "வழிக்கலாம்" என்ற பிறகுதான் கத்தி கன்னத்தில் படும்.

1927இல் ஞானதாசன் அப்படி உட்கார்ந்தான். சுற்றுப்புற ஊர்களுக்கெல்லாம் பொதுவான நாவிதர் தங்கையன் வலது கன்னத்தை முடித்துவிட்டு இடது கன்னத்தில் நுரை போடும்போது, பக்கத்து ஊர் வயல்காரர்களின் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. "தங்கையா, உடனே வரச் சொன்னாவ." அவ்வளவுதான். தங்கையன் கத்தியை மடக்கினார். "இப்ப வந்திருதேன்" என்று சொல்லிப் போனவர் வரவே இல்லை. அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? பெரிய வீடு கூப்பிட்டால் போகாமல் இருக்க அவரால் முடியுமா? ஊரில் வேறு யாரிடமும் சவரக்கத்தி கிடையாது. மறுநாள் ஞானதாசன் பாதி முகத்தோடு போய் தேவகனிக்குத் தாலி கட்டினான்.

அன்றே பெயர் விழுந்துவிட்டது, அரைமுகம். வீட்டுக்கு அரைமுகம் வீடு. ஞானதாசன் அதன் பிறகு கன்னத்தில் கத்தியே படவிடவில்லை. தாடி நெஞ்சுவரை வளர்ந்தது. பெயர் மட்டும் அந்தத் தாடிக்குள் மறையவில்லை. குமாரதாஸுக்குப் பெண் பேசப் போனபோது, பெண் ராகேலின் தாய்மாமன் நேசமணி, "ஓ, அரைமுகம் வீடா?" என்று கேட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் தலை குனிந்ததைக் குமாரதாஸ் பார்த்தான். அந்த இடத்திலேயே சொன்னான், "எனக்க முகத்த நானே வழிப்பேன். பந்தல்ல, எல்லாரும் பாக்க."

மறுநாளே கோட்டாற்றுக்கு நடந்தான். அங்கே கடை வைத்திருந்த ஹசன் அவனுக்குச் சம வயது, கருப்பட்டி கொண்டுபோன பழக்கத்தில் கூட்டாளி. ஹசன் ஒரு மடக்குக் கத்தியை எடுத்து விரித்தான். எலும்புப் பிடி, ஜெர்மன் இரும்பு. குமாரதாஸுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தீட்டுவதற்கு ஒரு தோல்வாரும் வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஊர் வந்து சேர்ந்தான்.

தோல்வாரைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. பாளை சீவுகிற அரிவாளைத் தினம் இரண்டு வேளை தீட்டுகிறவனுக்குத் தோல் எதற்கு? தீட்டுப்பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவினான். அரிவாளைத் தள்ளுவதுபோல் கத்தியின் கூர்வாய் முன்னால் போக, கை கொண்ட மட்டும் அழுத்திப் பத்துத் தள்ளு தள்ளினான். பிறகு சோப்பு நுரையைப் பூசிக் கன்னத்தில் வைத்தான்.

கத்தி வழிக்கவில்லை, பிடுங்கியது. மூன்று இடத்தில் ரத்தம். கண்ணில் தண்ணீர். கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது.

"அம்மாடி, கோழி கொத்திச்சா?" என்று அண்ணி தேவகனி மஞ்சள் வைத்துவிட்டாள். ஞானதாசன் அருகே வந்து தணிந்த குரலில், "வேண்டாம் மக்கா. எனக்குப் பாதி முகமாவது கிடைச்சுது, ஒனக்கு அதும் போயிரும்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். குமாரதாஸ் கஞ்சிச் சட்டியைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான்.

கோபத்தோடு மறுபடி கோட்டாறு போனான். "எலே ஹசனே, நீ தந்தது கத்தியா ரம்பமா?"

ஹசன் கத்தியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தான். "எதுல தீட்டினே?"

"பலகையில. கல்லுப்பொடி போட்டு."

ஹசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பாவி, இது என்ன பனையிலயா ஏறப்போவுது? இதுக்கு வாயி ஈர்க்குமாதிரி மெல்லிசு, கல்லுப்பொடி அதத் தின்னுட்டுது." மாவுபோல் வழவழப்பான ஒரு சாணைக்கல்லை எடுத்துக் கொடுத்தான். "தண்ணி விட்டு மெதுவா தேய்ச்சு எடு."

"எப்படி வழிக்கணும், அதச் சொல்லு."

ஹசன் தன் அடர்ந்த தாடியைத் தடவிக் காட்டினான். "எங்கிட்டயா கேக்கே? விக்கத்தான் தெரியும்."

குமாரதாஸ் வீட்டுக்கு வந்து, கல்லில் தேய்த்த கத்தியைத் தோல்வாரில் வாய் முன்னால் போகத் தள்ளினான். தோல் இரண்டாகக் கிழிந்தது. வாய் முன்னால் போனதால்தான் தோல் வெட்டுப்பட்டது. அடடா! கத்தியைத் திருப்பி முதுகு முன்னால் போக, மிச்சத் தோலில் இழுத்தான். வழுக்கிக்கொண்டு போனது. தள்ளக்கூடாது, இழுக்கணும். கை தானாக லேசானது.

மறுநாள் விடியலில் பனை உச்சியில் பாளை சீவிக்கொண்டிருந்தபோதுதான் மீதி விளங்கியது. பாளையை யாராவது அழுத்திச் சீவுவானா? ஆழமாக வெட்டினால் பதநீர் நின்றுபோகும். தாள் கனத்துக்கு ஒரு சீவல், அரிவாளின் எடை மட்டும், கை சும்மா கூடப் போக வேண்டும். பத்து வருஷமாகச் செய்கிற வேலை! பனை மேலிருந்தே, "அண்ணா, கிட்டிச்சு! கிட்டிச்சு!" என்று கத்தினான். கீழே நின்றவர்கள் தேன்கூடு கிடைத்துவிட்டதென்று பானை தேடினார்கள்.

அன்றைக்கு ஒரு கன்னம், இரண்டு நாள் கழித்து மறு கன்னம், அடுத்த வாரம் தாடை. சந்தோஷத்தில் முழங்கை, முழங்கால் வரைக்கும் வழித்துப் பார்த்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம். பந்தல் நிறையச் சனம், பெண் வீட்டார் பக்கம் நேசமணி முன்வரிசையில். தங்கையன் வழக்கப்படி எழுந்து மூன்று தடவை கேட்டார், மூன்று தடவை பதில் வந்தது. குமாரதாஸ் மடியிலிருந்து தன் கத்தியை எடுத்து விரித்தான். அண்ணன் கண்ணாடியைப் பிடித்தான். வலது கன்னம் முடிந்தது. ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

அப்போது பந்தல் வாசலில் அதே பெரிய வீட்டு ஆள். "தங்கையா, உடனே வரச் சொன்னாவ."

எல்லாரும் மாப்பிள்ளையின் இடது கன்னத்தைப் பார்த்தார்கள். தங்கையனுக்கு முகம் கறுத்தது. குமாரதாஸ் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "போயிட்டு வாரும் ஓய். கத்தி எனக்க கையில இருக்கு" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. தங்கையனும் சிரித்துக்கொண்டே போனார். இடது கன்னத்தில் கத்தி வழுக்கி இறங்கியது. நேசமணி எழுந்து வந்து இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்து, "முழுசுதாம்டே" என்று ஒப்புக்கொண்டார்.

குமாரதாஸ் எழுந்து பெஞ்சைத் துடைத்தான்.

"அண்ணா, நீ இரி."

"எனக்கு எதுக்குல?"

"ஒனக்கு மிச்சம் கெடக்கு." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "எங்க அண்ணனுக்கு முகம் வழிக்கட்டா?"

"வழிக்கலாம்!" பந்தல் அதிர்ந்தது. இரண்டாம் தடவை இன்னும் உரக்கக் கேட்டான். மூன்றாம் தடவை அவன் கேட்கும் முன்பே பதில் வந்துவிட்டது.

ஆறு வருஷத் தாடி கத்தரிக்கோலுக்கும் கத்திக்கும் வசப்பட்டு மண்ணில் விழுந்தது. சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்த தேவகனி, பெஞ்சில் இருந்தவனைப் பார்த்து நின்றுவிட்டாள். கல்யாணத்தன்று அவள் கண்டது வலது கன்னம் மட்டும்தான். இப்போது கிட்டே வந்து, அத்தனை பேர் முன்னாலும் வெட்கப்படாமல், இடது கன்னத்தில் விரலை வைத்தாள்.

"ஏயப்பா, இந்தப் பக்கம் சிரிச்சா குழி விழுமா ஒங்களுக்கு?" என்றாள்.