தமிழ் மறந்த கருவி

கொரோனா ஓய்ந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருக்கும். மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். எனக்குப் பார்வை கிடையாது. அச்சடித்த தாளைக் காட்டினால் படித்துச் சொல்லும் ஒரு கையடக்கக் கருவியை நம்பித்தான் பாடம் தயாரிப்பேன்.

ஒருநாள் காலை அது தானாகவே அப்டேட் ஆனது. அதோடு தமிழ் போய்விட்டது. பாடப்புத்தகத்தைக் காட்டினால், இந்த மொழி இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது. கம்பெனிக்குப் போன் செய்தேன். "அந்த மாடலுக்குத் தமிழை நிறுத்திட்டோம் மேடம், புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள். மாணவிகளை வாசிக்கச் சொல்லிச் சமாளித்தேன். உங்களுக்கு வேறு வேலை தரட்டுமா என்று தலைமையாசிரியை கேட்க ஆரம்பித்தார்.

அந்த எரிச்சலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவியின் மெனுவை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் 'லைசென்ஸ்' என்று ஒன்று. பார்வை உள்ளவர்கள் விரலால் தள்ளிவிட்டுப் போகிற பகுதி. எனக்கோ கருவி அதை வரி விடாமல் ஆங்கிலத்தில் படித்துக் காட்டியது. குரலை உண்டாக்கும் மென்பொருளைக் கம்பெனி எழுதவில்லையாம். யார் யாரோ எழுதிப் பொதுவில் கொடுத்ததாம். கருவியை வாங்கியவர் கேட்டால் அதன் சோர்ஸ் கோடை, அதாவது அது எழுதப்பட்ட மூல நிரலை, தந்தாக வேண்டுமாம். வாங்கியவர் அதை மாற்றிப் பிறருக்குக் கொடுத்தால், அவரும் அப்படியே தந்தாக வேண்டுமாம்.

கேட்டு மெயில் போட்டேன். பதில் இல்லை. லைசென்ஸில் இருந்த அந்த வரிகளையே எடுத்துப் போட்டு விடாமல் கேட்டேன். ஒருவழியாக அனுப்பினார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இப்படிப்பட்ட பொது மென்பொருள் ஆர்வலர்கள் அடையாறில் கூடுவார்கள் என்று கேள்விப்பட்டு ஆட்டோ பிடித்துப் போனேன். அங்கே, ஊரூர் ஒல்காட் என்ற மீனவக் குப்பத்துப் பெண் ஒருத்தி, ஐ.டி.யில் வேலை பார்ப்பவள், பக்கத்தில் வந்து உட்கார்ந்து லேப்டாப்பில் நெடுநேரம் தட்டினாள்.

"தமிழு எங்கயும் போவலக்கா, உள்ளயேதான் கீது. மூடி வச்சிட்டாங்க, அவ்ளோதான்."

கருவியை வாங்கிக்கொண்டு போனவள், அடுத்த வாரம் சரிசெய்து கையில் கொடுத்தாள். பாடப்புத்தகத்தை விரித்துக் காட்டினேன். தமிழ் வந்தது. ழகரம் சரியாக வராத அதே கட்டைக் குரல். நன்றி சொன்னேன்.

"எனக்கு இன்னாத்துக்குக்கா? எழுதினவங்க யாரோ. நீங்க கேட்டு வாங்கினீங்களே, அத்த மத்தவங்களுக்கும் போட்டு வுடலாமா?"

இணையத்தில் போட்டோம். சில மாதங்கள் கழித்து, திருநெல்வேலியிலிருந்து பார்வையற்ற ஒருவர் என் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினார். அவரிடமும் அதே கருவி. "இன்னைக்குத்தாம்மா மறுபடி பேப்பர் படிச்சேன்" என்றார்.

அந்த மென்பொருளை எழுதியவர்கள் யாரென்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் வாங்கியதை உன்னோடு நிறுத்திக்கொள்ளாதே என்று அவர்கள் போட்ட நிபந்தனை, வகுப்பில் போய் நிற்கும்போதெல்லாம், எனக்கும் சேர்த்துப் போட்டதாகவே தோன்றுகிறது.