உப்புப் போட்டுப் பார்த்த சூடு

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இப்போது கூச்சமில்லாமல் சொல்கிறேன். மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம், மலாக்கா காஜா பெராங்கில் ஓர் இரும்பு வார்ப்புப் பட்டறையில் உலை பார்த்தபோது, இதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

உலையிலிருந்து புகைபோக்கிக்குப் போகிற வாயு எவ்வளவு சூடு என்று அங்கே கண்ணால்தான் சொல்வோம். சின்ன ஓட்டைவழியே உள்ளே கனலும் செங்கல்லைப் பார்த்து, சிவப்பா, ஆரஞ்சா, வெள்ளையா என்று சொல்ல வேண்டும். சூடு மிஞ்சினால் செங்கல்லே உருகிவிடும். என் கூட்டாளி முதலில் குனிந்து பார்த்துவிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி "ஆரஞ்சு" என்பான். அடுத்து நானும் குனிந்து, "ஆமா, ஆரஞ்சுதான்" என்பேன். ஆறு வருஷம் இப்படியே ஓட்டினேன். அவன் கத்தலைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனால் அதை நம்பித்தான் என் வீட்டில் சோற்று உலை கொதித்தது.

ஊர் திரும்ப இருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருநாள் ஒரு கருவியைக் கொண்டுவந்து வைத்தார். "நீங்க பார்க்கிறது செங்கல்லோட சூடு. வாயுவோட சூடு வேற," என்று மலாயில் சொன்னார். உலையில் எதிரெதிரே இரண்டு ஓட்டைகள் போட்டார். ஒன்றின் பின்னால் விளக்கு, மற்றதில் முப்பட்டைக் கண்ணாடி வைத்த குழாய். வாயுவில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் குழாயில் மஞ்சள் கோடு தெரியும். சமையல் உப்புதான். வாயு விளக்கைவிடச் சூடாக இருந்தால் கோடு பளிச்சென்று நிற்கும், குறைவாக இருந்தால் கறுக்கும். விளக்கை ஏற்றி இறக்கி, கோடு மறைகிற இடத்தில் நிறுத்தினால் இரண்டும் ஒரே சூடு. விளக்கின் சூட்டை அதோடு இணைத்த மானியின் முள் காட்டிவிடும்.

"நாளைக்கு ஒவ்வொருத்தரா தனியா வந்து பாருங்க. பார்க்கத் தெரியாதவனுக்கு உலையில வேலை இல்ல," என்றார்.

தனியாக என்றால் எனக்கு முன்னால் "ஆரஞ்சு" என்று சொல்ல ஆளிருக்காது. புக்கிட் பாருவில் இருந்த வீட்டுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். சோறும் இறங்கவில்லை.

மறுநாள் பசியாறாமலே போய்க் குழாயில் கண்ணை வைத்தேன். கோடு பளிச்சென்று நின்றது. விளக்கை ஏற்றினேன், கறுத்தது. கொஞ்சம் இறக்கினேன், காணோம். அட, இங்கே நிறத்தை யார் கேட்டார்கள்? கோடு இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதானே. மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் முள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றது. இன்ஜினியரும் ஒருமுறை பார்த்துவிட்டு, இனி நீயே பார் என்று சொல்லிவிட்டார்.

தலைகால் புரியாமல் வெளியே வந்தேன். கூட்டாளி வேலியோர மரத்தடியில் பழுத்தால் சிவக்கிற ரம்புத்தான் பழத்தை உரித்துக்கொண்டிருந்தான்.

"இனிமே நீ தொண்டை கிழியக் கத்த வேணாம், மச்சான்," என்றேன்.

அவன் நிமிரக்கூட இல்லை. "வேலைக்கு வந்த புதுசுல, பழம்னு சொல்லி இந்த மரத்துப் பச்சைக் காயைப் பறிச்சு என்கிட்ட நீட்டின பாரு. அன்னையிலேருந்துதான் கத்துறேன்," என்றான்.

ஆறு வருஷமாக அவனை மனசுக்குள் திட்டிய எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவன் குலையைப் புரட்டிப் பார்த்து, ஒரு பழத்தைப் பொறுக்கி என் கையில் வைத்தான்.