மலை மறைத்த பொழுது

கடைத்தெரு முனையில் கேஸ் லாரி கவிழ்ந்தபோது எங்கள் வீட்டில் தட்டு வைத்தாகிவிட்டது. நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்ந்தபின் வாயில் ஒன்றும் போட மாட்டோம். அதனால் என் வீட்டுக்காரர் சாயங்காலமே சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கும் விழுங்கினார். அந்த நேரம் பார்த்து ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அடுப்பைப் பற்றவைக்காதே, சுவிட்சைத் தொடாதே, உடனே வெளியே வா என்றார்கள். சோற்றை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பதற்குள் ஆட்டோ அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். வாசலில் ஒருவர் பெயர் எழுதினார். உள்ளே இன்னொருவர் அதையே மறுபடி எழுதினார். சோறு எப்போது என்றால் மட்டும், "பார்சல் வருதும்மா, ஏழு மணி ஆவும்" என்றார்கள். எங்கள் வீடு இரண்டே தெரு தள்ளி. போய் எடுத்து வர விடுங்கள் என்று கேட்க எனக்கு நா எழவில்லை. பக்கத்து வீட்டுக்காரியை விட்டுக் கேட்டேன். போலீஸ்காரர் தீயணைப்பு ஆளைக் கேட்கச் சொன்னார். அவர் தாசில்தார் சொல்ல வேண்டும் என்றார். தாசில்தார் வந்து சேரவேயில்லை.

மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இருந்ததில் என் வீட்டுக்காரருக்கு நெற்றி வேர்த்து, கை நடுங்க ஆரம்பித்தது. காவலுக்கு நின்ற போலீஸ் பெண் அதைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து மூன்று வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தாள். இவர் ஜன்னலைப் பார்த்தார். ஊருக்கு மேற்கே இருக்கிற கோட்டை மலைக்குப் பின்னால் சூரியன் போயிருந்தது.

"பொழுது போயிடுச்சு. வேணாம்."

"மலை மறைக்குதுங்க. இன்னும் சாயல" என்றேன்.

"உனக்கு இன்னா தெரியும்?"

இத்தனை வருஷத்தில் நாலு பேர் எதிரில் நான் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. "மலைக்கு இந்தப் பக்கம் நீங்க குந்தினு இருக்கறீங்கன்னு பொழுது சீக்கிரம் போயிடுமா? மயங்கி வுழுந்தா உங்கள யாரு தூக்கறது? அதுக்கும் தாசில்தார் வரணுமா?" என்று கத்திவிட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

போலீஸ் பெண் சிரிக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், திருவண்ணாமலை ரோட்டில் பஸ்களை மறித்துத் திருப்பிக்கொண்டிருந்த ஏட்டுக்குப் போன் போட்டு, எங்களுக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அண்ணே, அங்க சூரியன் தெரியுதா?"

"மூஞ்சி மேலயே அடிக்குது, கண்ணத் தொறக்க முடியல. இன்னாத்துக்குக் கேக்குற?"

"இங்க ஒருத்தர் சாப்புடணும்."

இவர் பழத்தை வாங்கினார். இரண்டைத் தின்றார். நடுக்கம் நிற்கிறவரை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதை என் பக்கம் நீட்டி, "நீயும் சாப்புடு" என்றார். உரிக்கப் போனேன். போலீஸ் பெண்ணின் போன் அடித்தது. ஏட்டுதான்.

"இப்ப எறங்கிடுச்சாம், ஆயா" என்றாள்.

பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டேன்.