பூட்டிய வீட்டின் கடிதப்பெட்டி

லிங்கநகர் வழியாகப் போகும் பஸ்ஸில் நான் இடப்பக்கம் உட்காருவதில்லை. இடப்பக்க யன்னலில் அந்த வீடு வரும். பச்சைக் கேற், அதில் கட்டிய தகரக் கடிதப்பெட்டி, யாருமில்லாத விறாந்தை. வலப்பக்கம் இடமில்லாவிட்டால் நின்றுகொண்டே போவேன். நின்றாலும் அந்த வளைவு வந்ததும் கழுத்து தானாகத் திரும்பிவிடுகிறது. சனியன் பிடித்த கழுத்து.

துறைமுகப் பக்கத்து அலுவலகம் ஒன்றில், கட்டட அனுமதிப் பிரிவில் நான் லிகிதராக இருந்தேன். எங்கே கடை வரலாம், எங்கே குடியிருப்பு மட்டும் என்று நகரத்தை வலயம் வலயமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். குடியிருப்பு வலயத்தில் ஒரு வீட்டை வேறு எதற்கும் பாவிப்பதென்றால் அனுமதி வேண்டும். கேற்றில் அறிவித்தல் ஒட்டுவோம். ஆதரவோ ஆட்சேபனையோ, இரண்டு கிழமைக்குள் எழுதித் தரலாம். அந்தக் கடிதங்களைக் கோப்பில் சேர்ப்பது என் வேலை.

அந்த வீடு ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையுடையது. தாய் தகப்பன் போனபின் சும்மா கிடந்த வீட்டை, படுக்க இடமில்லாத பெண்களுக்கு இரவுத் தங்குமிடமாக்கக் கேட்டிருந்தார். அயலிலிருந்து ஆட்சேபனைகள் வந்து குவிந்தன. எங்கள் பிள்ளைகள் ரியூசன் போகும் வழி, கண்டவர்களும் வந்து போவார்கள், காணி விலை விழுந்துவிடும். எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் வீட்டுக்குப் பக்கத்தில் வந்திருந்தால் நானும் எழுதியிருப்பேன், அதுவும் நல்ல தாளில்.

ஆதரவாக ஒரே ஒரு கடிதம்தான் வந்தது. கொண்டுவந்தவள் மீன் சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கிறவள், என் வயதிருக்கும். சண்டைக் காலத்தில் தோப்பூர்ப் பக்கமிருந்து வந்தவள், இரவில் பஸ் நிலையத்தில் படுக்கிறாள் என்று அவளே சொன்னாள். கடிதத்தைக் கொப்பித் தாளில் யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாரிக்கு முன்னம் ஒரு கூரை வேண்டும் என்பதுதான் சாரம். விலாசம் மட்டும் இல்லை.

"விலாசமில்லாத கடிதத்தைக் கோப்பில போட ஏலாது" என்றேன்.

"விலாசம் இருந்தா நான் ஏன் மிஸ் இஞ்ச வாறன்?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவளைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. ஒரு யோசனை தோன்றியது. என் கெட்டித்தனத்தில் எனக்கே ஒரு பெருமை.

"அந்த வீட்டு இலக்கத்தையே போடுவம். அனுமதி கிடைச்சா அங்கதானே இருக்கப்போறீங்கள்."

என் கையாலேயே எழுதினேன். இரண்டு தரம் வாசித்துக் காட்டச் சொன்னாள். மூன்றாம் தரம் தானே சொல்லிப் பார்த்தாள்.

விண்ணப்பத்தை முடிவு செய்யும் குழுக் கூட்டத்தில் குறிப்பெடுக்க நான் ஒரு மூலையில் கதிரை போட்டு இருந்தேன். கடிதங்களைப் புரட்டிக்கொண்டு வந்த ஒருவர் அந்தக் கொப்பித் தாளில் நின்றார்.

"இதென்ன, இந்த மனுசி இப்பவே அந்த வீட்டிலயோ இருக்கிறா? அப்ப அனுமதி எடுக்காமலே ஆக்களை வைச்சிருக்கினமோ?"

விளக்கம் சொல்ல வந்திருந்த ஆசிரியை பதறிப்போனார். "ஐயோ, ஒருத்தரும் இல்லை. சத்தியமா இல்லை."

"விலாசம் அப்பிடித்தானே கிடக்கு."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அது நான் எழுதியது, பிழை என்னுடையது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம் இருந்தது. பிரதம லிகிதர் என் பக்கம் பார்த்தார். நான் குனிந்து எழுதினேன்: அனுமதியின்றிப் பாவனை ஆரம்பிக்கப்பட்டுள்ளதாகத் தெரிகிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

எழுதித் தந்த எல்லோருக்கும் முடிவைத் தபாலில் அறிவிக்க வேண்டும். உறைகளுக்கு விலாசம் எழுதியதும் நான்தான். அவளுடைய உறையில் அந்த வீட்டு இலக்கத்தை எழுதினேன். ஆசிரியை மனம் வெறுத்து, வீட்டைப் பூட்டிவிட்டு மகனிடம் கனடாவுக்குப் போய்விட்டார் என்று தெரிந்துகொண்டே எழுதினேன். மீன் சந்தை ஐந்து நிமிட நடை. கையில் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஏன் மறுத்தார்கள் என்று கேட்பாள்.

அதற்குப் பிறகும் சந்தைக்குப் போனேன். போகாவிட்டால் சந்தேகப்படுவாள் என்று எனக்கு ஒரு மடத்தனமான பயம். மற்றவர்களை நிற்க வைத்துவிட்டு என் மீனை முதலில் வெட்டுவாள்.

"இவதான் எனக்கு விலாசம் எழுதித் தந்த மிஸ்" என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்வாள். பிறகு குரலைத் தணித்து, "மிஸ், கடிதம் வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை."

நாலு தரம் கேட்டாள். நாலு தரமும் அதையே சொன்னேன்.

மாரி பிடித்து அடித்த ஒரு கிழமை நான் சந்தைப் பக்கம் போகவில்லை. பிறகு போனபோது அவளுடைய பலகை வெறுமையாகக் கிடந்தது. அடுத்த பலகைக்காரி சொன்னாள்:

"அவவுக்கு நல்ல காய்ச்சல். பஸ் நிலையத்துக்குள்ள வெள்ளம் வந்திட்டுது. லிங்கநகர்ல என்ர விலாசம் இருக்கு, கதவு திறந்தாச்சோ எண்டு பாத்திட்டு வாறன் எண்டு பையோட போனவ. கேற்றடியில விழுந்து கிடந்தவவாம். ஆரோ ஓட்டோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாம். பிறகு ஒண்டும் தெரியாது, மிஸ்."

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. பயம். அடுத்த கிழமைதான் போய் விசாரித்தேன். சேர்த்த மூன்றாம் நாளே முடிந்துவிட்டது என்றார்கள். உரித்தாளிகள் யாரும் வரவில்லை, விலாசத்துக்குக் கடிதம் போட்டோம் என்றார்கள். எந்த விலாசம் என்று நான் கேட்கவில்லை.

அங்கிருந்து நேரே லிங்கநகருக்குப் போனேன். கேற் பூட்டியிருந்தது. கடிதப்பெட்டிக்குள் கையை விட்டேன். நனைந்து ஒட்டிப்போன இரண்டு உறைகள் வந்தன. ஒன்றில் என் கையெழுத்து. மற்றது ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. அவளுடைய பெயர், அதன் கீழே 'உறவினருக்கு', அதன் கீழே நான் கொடுத்த விலாசம்.

கேற்றடியில் நின்றே பிரித்தேன். உடலைப் பொறுப்பெடுக்க வரச்சொல்லி ஒரு திகதி போட்டிருந்தது. அது போய் நாலு நாளாகியிருந்தது.