களைத்துப்போன கரண்ட்

நேற்று மாலை குசினியில் அடுப்புக்கு மேலே தொங்கும் பல்ப் மங்கி, உள்ளே இழை மட்டும் சிவந்து தெரிந்தது. நான் இன்னும் குண்டு பல்ப்தான் போடுகிறேன், சிரிக்காதீர்கள். "லோ வோல்டேஜ்," என்றான் பேரன். எனக்கோ வேறொரு சொல் நினைவுக்கு வந்தது. கூடவே தவிட்டு வாசமும்.

எழுபதுகளின் கடைசியில் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மின்சார அலுவலகம்; கந்தோர் என்போம். சனங்கள் வந்து சொல்லும் முறைப்பாடுகளைப் பதிவேட்டில் எழுதுவதுதான் என் முதல் வேலை. "நின்றது" என்று எழுதினால் அன்றைக்கே லைன்மேன் போவார். "குறைந்தது" என்றால் வெள்ளிக்கிழமைதான். சனங்களிடமோ அதற்கு எத்தனை சொற்கள்! சாம்பல்தீவு ஆசிரியர் ஒருவர், "லைற் நித்திரை தூங்குது," என்பார். இறக்கக்கண்டி மீனவர்களுக்குக் கரண்ட் கடல்போல வற்றும்.

பக்கத்து ஒழுங்கையில் எல்லோருக்கும் அக்காவான சபூறா ராத்தா சொன்னது, "கரண்ட் களைச்சிப் போகுது, புள்ள."

கணவர் பாரிசவாதத்தில் படுத்தபிறகு கோழி வளர்த்துத்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது. ராத்தா வந்தாலே தவிடு மணக்கும். மாரிகாலத்தில் தேயிலைப் பெட்டிக்குள் பல்பைத் தொங்கவிட்டுக் குஞ்சுகளுக்குச் சூடு காட்டுவார்.

"முழுசா நிண்டதா, ராத்தா?"

"இல்ல புள்ள. எரியுது, சூடில்ல. குஞ்செல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு நடுங்குது. இண்டைக்கே ஆளனுப்ப ஏலாதா?"

அன்று திங்கட்கிழமை. "ஏலாது ராத்தா, இது குறைஞ்சதுதானே," என்றேன். அப்படியொரு நேர்மை எனக்கு.

புதன் காலை மழையில் நனைந்தபடி வந்தார். "இனி ஆள் வர வேணாம் புள்ள. ஒண்டும் மிஞ்சல்ல. எழுதினத வெட்டிடுங்க."

நான் அடிமட்டம் வைத்து, நேராகக் கோடிழுத்து அந்த வரியை வெட்டினேன்.

லைன்மேன் மாசிலாமணி அண்ணை கேட்டுக்கொண்டு நின்றவர். "நிண்டது எண்டு எழுதியிருந்தா அண்டைக்கே போயிருப்பன், பிள்ளை," என்றார். ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். கம்பத்தில் ஒரு கம்பி தளர்ந்திருந்ததாம். பத்து நிமிட வேலை.

வேலை முடிந்து நானும் ராத்தா வீட்டுக்குப் போனேன். வெறும் பெட்டிக்குள் பல்ப் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. ராத்தா உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி தந்தார். "இப்ப நல்லா எரியுது புள்ள," என்றார்.

அதன்பிறகு மங்கினாலும் வற்றினாலும் "நின்றது" என்றே எழுதினேன். பக்கத்தில், சின்ன எழுத்தில், சனங்கள் சொன்ன சொல்லையும்.

சில வருடங்களில் கலவரம் வந்தது. கந்தோர் எரிந்தபோது பதிவேடும் போனது. ராத்தா கணவரோடு கிண்ணியாப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். போன வருடம் ராத்தாவின் பழைய ஒழுங்கையில் வீடு வீடாக விசாரித்தேன். அப்படியொருவர் அங்கே இருந்ததையே அறிந்தவர் யாருமில்லை.